நாரைகளுக்காக நகர்ந்த கம்பி

போன மாதம் செம்மண்டலத்தில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் ஒரு காகம் அடிபட்டு, தெரு முழுக்க கரண்டு போய்விட்டது. சரி செய்ய வந்த இரண்டு இளைஞர்கள் வேலை முடிந்ததும் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நானும் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்று என் மருமகள் சொல்லிவிட்டாள். உடனே அவர்களில் ஒருவர், "ஐயா, ஒங்க காலத்துல கம்பியில பறவை ஜாஸ்தி மாட்டுமா? அப்பல்லாம் இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. அறுபதுகளின் தொடக்கத்தில் மின்சார வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்தேன். அப்போது ஊர் ஊராக மின்சாரம் போய்க்கொண்டிருந்த நேரம். குழி வெட்டினோம், கம்பம் தூக்கினோம், கம்பி இழுத்தோம். கை காய்த்துப் போன பிறகுதான் கம்பத்தில் ஏற விட்டார்கள். பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் ஃபோர்மேன் காதர் மொய்தீன் பாயிடம் வேலை பார்த்ததில் வந்தது.

காதர் பாய் பரங்கிப்பேட்டைக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகள் மலேயாவில் கடை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் கப்பலேற மறுத்து கரண்டு வேலைக்கு வந்துவிட்டார். ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, காக்கி அரைக்கால்சட்டை. குரல் உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. ஒரு வேலை சொன்னால் நம்மைத் திருப்பிச் சொல்ல வைப்பார். "இன்னா சொன்னேன், சொல்லு" என்பார். கம்பத்தில் இருக்கிற ஏ.பி. சுவிட்சைத் திறந்து கரண்டை நிறுத்திப் பூட்டுப் போடுவது, சாவியை அவரிடம் கொடுப்பது, எர்த் ராடைக் கம்பியில் மாட்டி இருபுறமும் தரைக்கு இணைப்பது, அதன்பிறகு இடுப்பு பெல்ட், அதன்பிறகு ஏறுவது. இந்த வரிசையில் ஒன்று மாறினாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும்வரை அந்தக் கம்பியில் உயிர் வராது என்று எங்களுக்குத் தெரியும். ஏறப் போகிறவன் முகத்தை ஒருமுறை பார்த்து, "சாப்பிட்டியா? வூட்ல ஒண்ணும் சண்டை இல்லியே?" என்று கேட்பார். சண்டை என்று சொன்னால் அன்றைக்கு அவனுக்குத் தரையில்தான் வேலை.

கடலூரில் இருந்தபோது எங்களுக்குக் காகக் கூடு பெரிய தலைவலி. கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் காகம் கூடு கட்டும். குச்சியோடு குச்சியாகக் கம்பித் துண்டுகளையும் கொண்டு வந்து வைக்கும். ஒரு துண்டு இரண்டு கம்பிகளுக்கு நடுவே விழுந்தால் போதும், பியூஸ் போய்விடும், காகமும் கருகிவிடும். நீண்ட மூங்கிலால் கூட்டைத் தள்ளிவிடுவதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். முட்டை இருக்கிறதா, குஞ்சு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

பாய் ஒருநாள் தள்ளிவிட்ட கூடு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதில் இருந்த கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகத் தரையில் வைத்தார்.

"ராசு, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"தெரியல பாய். எங்கனா குப்பையில பொறுக்கியிருக்கும்."

"நல்லாப் பாரு. இது நம்ம பைண்டிங் கம்பி. இன்சுலேட்டர்ல கட்டிட்டு, மீதிய வெட்டி கீழ போடுறோம்ல, அதுதான். நாமளே சாமான் குடுத்துட்டு, வீடு கட்டாதேன்னு அதுங்கள அடிக்கிறோம்."

மறுநாளிலிருந்து எங்கள் குழுவில் ஒரு தகரடப்பா வந்தது. கம்பத்தின் மேல் வெட்டுகிற கம்பித் துண்டு ஒவ்வொன்றும் டப்பாவுக்குள் போக வேண்டும். கீழே விழுந்தால் இறங்கி வந்து தேடி எடுத்த பிறகுதான் அடுத்த கம்பம். மற்ற குழுக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கூடுகளையும் அவர் விடவில்லை. கூடு கட்டுகிற பருவத்தில் காலையில் சைக்கிளில் ஒரு சுற்று வருவார். முதல் நாலு குச்சி வைக்கும்போதே எடுத்துவிடச் சொல்வார். "கட்டும்போதே சொல்லிப்புடணும். குடி வந்தப்புறம் போயி காலி பண்ணுன்னு சொல்லக் கூடாது" என்பார். தப்பித்தவறி முட்டை வைத்துவிட்ட கூடு என்றால், உள்ளிருக்கும் கம்பித் துண்டுகளை மட்டும் உருவிவிட்டு, குஞ்சு பறக்கும்வரை அந்தக் கம்பத்தின் மீது ஒரு கண் வைத்திருப்பார். அடுத்த பருவத்தில் எங்கள் பகுதியில் பியூஸ் போவது நன்றாகக் குறைந்திருந்தது. சிரித்தவர்களும் டப்பா வாங்கினார்கள்.

அறுபதுகளின் நடுவில் எங்களைச் சிதம்பரத்துக்கு மாற்றினார்கள். புவனகிரிக்கு மேற்கே ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. நாங்கள் போவதற்கு முந்தைய கோடையில் வேறொரு குழு அங்கே லைன் இழுத்திருந்தது. ஏரிக்கரையை ஒட்டி, வரிசையாக நின்ற புளிய மரங்களின் ஓரமாகவே கம்பி போயிற்று. நேரான வழி, வேலை சுலபம். கோடையில் பார்த்தவர்களுக்கு அவை வெறும் மரங்கள்.

ஐப்பசி மழை பெய்து ஏரி நிறைந்ததும் அந்த மரங்களுக்கு நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கின. மரத்துக்கு மரம் கூடு. பச்சை தெரியாத அளவுக்கு வெள்ளையும் சாம்பலுமாக இருந்தது. தூரத்தில் வரும்போதே ஒரு சத்தம் கேட்கும். நூறு பேர் உட்கார்ந்து மூங்கில் தட்டைகளைத் தட்டுவதுபோல இருக்கும். அலகோடு அலகு தட்டுகிற சத்தம்தான் அது.

நாரைக்கு இறக்கை பெரிது. விரித்தால் ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் எட்டும். கூட்டுக்கு இறங்கும்போது காற்று கொஞ்சம் தள்ளினால் போதும். பட்டென்று ஒரு சத்தம், ஒரு பொறி, பறவை கீழே கிடக்கும். பியூஸ் போய் ஊர் மோட்டார்கள் எல்லாம் நின்றுவிடும். நின்ற பம்புசெட்டை மறுபடி ஓட வைக்க, குழாயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது முடிவதற்குள் இன்னொரு நாரை விழும்.

அந்த வருஷம் மழை சீக்கிரம் நின்றுவிட்டது. சம்பா பால் பிடிக்கிற நேரம். ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டு வயல்களுக்கு மோட்டார்தான் கதி. அதில் பாதி வயல் வைத்தியலிங்கம் என்ற மிராசுதாருடையது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காய்கிற நெல்லைப் பார்த்துக்கொண்டு யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். சிதம்பரம் ஆபீசுக்குப் போய் ஏ.இ.யிடம், அதாவது எங்கள் உதவிப் பொறியாளரிடம், முறையிட்டார். மரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்று பஞ்சாயத்திலும் சம்மதம் வாங்கிவிட்டார். லைனை நிறுத்திக் கொடுங்கள், கிளை கம்பியில் விழாமல் வெட்டிக்கொள்ளட்டும் என்று எங்களுக்கு வாய்மொழியாக உத்தரவு வந்தது.

காலையில் நாங்கள் போனபோது கோடாலிக்காரர்கள் கரையில் காத்திருந்தார்கள். மேலே கூடுகளில் குஞ்சுகள். இன்னும் சரியாக இறகு முளைக்காதவை. வெயிலுக்குத் தாய்ப்பறவைகள் இறக்கையை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தன.

பாய் சுவிட்ச் கம்பத்துப் பக்கமே போகவில்லை. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வைத்தியலிங்கத்திடம் வந்தார்.

"ஐயா, ஒரு மாசம் குடுங்க. குஞ்சு பறந்துடட்டும்."

"ஒரு மாசத்துல என் நெல்லு பதராப் போயிடும் பாய். அதுக்கு யாரு ஜவாப்பு?"

"நெல்லுக்கும் நான் ஜவாப்பு சொல்றேன். காலையில வெளிச்சம் வர்றதுலேர்ந்து சாயங்காலம் பறவ அடையற வரைக்கும் நானும் இவனும் இங்கயே குந்திக்கிறோம். பியூஸ் போன அடுத்த நிமிஷம் போட்டுக் குடுக்குறோம். அதுக்குள்ள லைன வேற பக்கமா திருப்ப முடியுமான்னு பாக்குறேன்."

"பறவைக்காக லைன மாத்துவாங்களா? நடக்குற காரியமா பேசுங்க."

"ஏ.இ. ஐயாவ ஒரு தடவ நேர்ல வரச் சொல்றேன். அவுங்க வந்து பாத்துட்டு வெட்டுன்னா, நானே சுவிட்ச தொறந்து வுடுறேன்."

கம்பியில் கரண்டு ஓடிக்கொண்டிருந்தது. பாய் லைனை நிறுத்தாமல் யாரும் கிளையைத் தொட முடியாது. வைத்தியலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

அன்றிலிருந்து நாங்கள் அந்த ஏரிக்கரையில் குடியிருந்தோம். என் வேலைக் காலத்தில் அப்படி ஒரு இடத்தில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. நாரை வயலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் மெதுவாக நடக்கும். அலகைத் தண்ணீருக்குள் விட்டு நத்தையைப் பிடித்து, ஓட்டை விட்டுவிட்டுச் சதையை மட்டும் உருவும். மடை ஓரமெல்லாம் வெறும் ஓடுகள். தாய் கூட்டுக்கு வந்து நின்றால் குஞ்சுகள் கழுத்தை நீட்டி ஆடும். இதெல்லாம் தினமும் நடக்கிற ஊரில்தான் நான் வளர்ந்தேன். ஆனால் நின்று பார்த்ததே இல்லை.

பியூஸ் போகும்போதெல்லாம் ஓடினோம். சொன்ன சொல்படி மோட்டார்கள் ஓடின.

ஒருநாள் காலையில் ஒரு நாரை விழாமல் கம்பத்தின் தலையிலேயே மாட்டிக்கொண்டது. இறக்கை இன்சுலேட்டருக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கி, உயிரோடு அடித்துக்கொண்டது. லைன் நின்றுவிட்டது. வயலில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். வைத்தியலிங்கமும் வந்தார். குச்சியால் தட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று யாரோ சொன்னார்கள்.

பாய் ஒரு சாக்கை ஏரியில் நனைத்து என்னிடம் கொடுத்தார். சுவிட்சைத் திறக்கச் சொன்னார். பூட்டச் சொன்னார். சாவியை வாங்கிப் பையில் போட்டார். எர்த் ராடை அவரே மாட்டினார். பிறகு என்னிடம், "இன்னா செய்யப் போற, சொல்லு" என்றார். கூட்டம் கத்திக்கொண்டிருக்க, நான் முழுவதும் ஒப்பித்தேன். "மொதல்ல கண்ணு மேல சாக்கப் போடு. இருட்டானா அடங்கும். அலகுக்கு நேரா மூஞ்சியக் காட்டாத. அப்புறம் எறக்கைய மடக்கு, இழுக்காத" என்றார்.

ஏறினேன். கிட்டே போனதும் அது என் தோளைக் கொத்தியது. ஈரச் சாக்கைத் தலைமேல் போட்டதும் அப்படியே ஓய்ந்துவிட்டது. சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அலகைப் பார்த்தேன். மேலலகும் கீழலகும் நுனியில் சேருகின்றன, நடுவில் சேரவில்லை. ஒரு விரல் நுழைகிற இடைவெளி. உடைந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். கீழே கத்திக் கேட்டேன். "அது பொறப்பே அப்படித்தான். நத்தைக்குன்னு வச்ச அலகு. நீ எறக்கையப் பாரு" என்று கீழிருந்து சொன்னார் பாய். இறக்கையை மடக்கி விடுவித்து, சாக்கோடு சுற்றி, கயிற்றில் கட்டி இறக்கினேன்.

கீழே கைநீட்டி வாங்கியவர் வைத்தியலிங்கம். பாய் கயிற்றைப் பிடித்திருந்ததால் பக்கத்தில் நின்றவர் அவர்தான். வாங்கிய வேகத்தில் சாக்கு நழுவியது. அவர் தன் தோள் துண்டை எடுத்து அதைச் சுற்றிக்கொண்டார். நான் இறங்கும்வரை அப்படியே நெஞ்சோடு பிடித்தபடி நின்றார்.

"இன்னா துடிப்பு துடிக்குது பாய் இது நெஞ்சு" என்றார்.

பிறகு சட்டென்று நினைவு வந்தவர்போல, "சரி, சீக்கிரம் கரண்டக் குடுங்க. மடை காயுது" என்று சொல்லிவிட்டுப் போனார். துண்டைத் திரும்பக் கேட்கவில்லை. அந்த நாரை இறகு நுனி கருகிய நிலையில் கோரைக்குள் நடந்து போயிற்று. பிழைத்ததா என்று தெரியாது.

அந்த வாரமே ஏ.இ. ஜீப்பில் வந்தார். இளைய வயதுக்காரர், அதிகம் பேச மாட்டார். கரை முழுவதும் நடந்தார். பாய் எட்டிப்போட்டு நடந்து, ஏரிக்கு மறுபுறம் வயல் வழியாக லைனைத் திருப்பினால் எங்கே எங்கே கம்பம் வரும் என்று காட்டினார். ஏ.இ. கேட்டார்: "புதுக் கம்பம் ஒண்ணுகூட என்னால தர முடியாது. கடலூர் ஸ்டோர்ல கழட்டிப் போட்ட பழைய கம்பம் கெடக்கு. அது போதுமா?"

"போதுங்க."

"நெலத்துக்காரங்க?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தர்தான் பாக்கி."

"அவுங்க ஒத்துக்கிட்டா லைன் மாறட்டும். இல்லன்னா மரம்தான். எனக்கும் வேற வழி இல்ல காதர்."

அந்த ஒருத்தர் அஞ்சலாட்சி. புருஷன் இறந்த பிறகு தனியாக நின்று விவசாயம் பார்த்தவர். ஏரிக்கு அந்தப்புறம் லைன் திரும்புகிற முனை அவருடைய கொல்லையில், அதாவது வயலில், விழுந்தது. திருப்பத்தில் வருகிற கம்பம் சாயாமல் இருக்க, ஸ்டே கம்பி போட்டுத் தரைக்கு இழுத்துக் கட்ட வேண்டும். ஸ்டே கம்பி என்றாலே அவருக்கு ஆகாது. பக்கத்து ஊரில் அப்படி ஒரு கம்பியில் உரசிக் கன்றுக்குட்டி ஒன்று செத்திருந்தது.

"எனக்கு அந்த மரம் வேணாம்னு இல்ல பாய். நடவாளுங்க வெயிலுக்கு ஒதுங்குற எடம் அது ஒண்ணுதான். ஆனா என் கொல்லையில மாடு மேயுது. நான் ஈரக் காலோட நிக்கிறவ. நாளைக்கு ஏதாச்சும் ஆனா நீங்க வந்து நிப்பீங்களா?"

பாய் வரப்பில் ஏறினார். "கொஞ்சம் வாங்கம்மா" என்று, நாங்கள் முந்தைய மாதம் போட்டிருந்த ஒரு ஸ்டே கம்பத்துக்கு அழைத்துப் போனார். மேலே கரண்டு ஓடிக்கொண்டிருந்தது. கம்பியின் நடுவே முட்டை வடிவத்தில் இருந்த பீங்கானைக் காட்டி, "மேல எது வந்தாலும் இதத் தாண்டி கீழ வராது. இத நான்தான் கட்டினேன்" என்றார். செருப்பைக் கழற்றினார். வாய்க்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். கையையும் நனைத்துக்கொண்டு, "பிஸ்மில்லா" என்று சொல்லி ஸ்டே கம்பியை இரண்டு கையாலும் பற்றினார்.

கட்டியது அவர்தான், பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இருந்தாலும் தலைக்குமேல் பதினோராயிரம் வோல்ட். அவர் கம்பியை விடாமல், அதே குரலில் சொன்னார்:

"ஒங்க கொல்லையில போடுற கம்பிய இதேபோல கட்டிட்டு, இதேபோல புடிச்சிக் காட்டுறேன். அப்புறம் மாட்ட வுடுங்க."

"வுடுங்க பாய், கைய எடுங்க மொதல்ல!" என்று அஞ்சலாட்சி பதறினார். "நட்டுக்குங்க. ஆனா நடு வயல்ல வேணாம். வரப்பு முனையில போடுங்க."

வரப்பு முனையில்தான் போட்டோம். கடலூரிலிருந்து லாரியில் பழைய கம்பங்கள் வந்தன. துருவைச் சுரண்டி வண்ணம் அடித்தோம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. குழி வெட்ட வைத்தியலிங்கம் தன் ஆட்களை அனுப்பினார், கோடாலியோடு வந்த அதே ஆட்கள். சுவிட்சை மூடிக் கரண்டு விட்ட அன்று, பாய் அஞ்சலாட்சியின் வயலுக்குப் போய், சொன்னபடி ஈரக் கையோடு ஸ்டே கம்பியைப் பிடித்துக் காட்டிவிட்டு வந்தார். அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் எல்லாருக்கும் மோர் கொடுத்தார்.

மேட்டு வயல்களில் நெல் கொஞ்சம் பதரானது உண்மைதான். ஆனாலும் அறுவடை ஆயிற்று.

பழைய கம்பியைச் சுருட்டி, கம்பங்களையும் பிடுங்கிவிட்டோம். ஏரிக்கரையில் புளிய மரங்களுக்கு முன்னால் வெறும் ஆகாயம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தோம். வயலிலிருந்து வருகிற நாரைகள், முன்பு கம்பி இருந்த இடத்துக்கு வந்ததும், இறக்கையை இரண்டு அடி அடித்து மேலே எழும்பின. இல்லாத கம்பியைத் தாண்டி, அந்தப்புறம் இறங்கிக் கூட்டுக்குப் போயின. அடிபட்டுச் செத்தவை போக, மிச்சமிருந்தவை அப்படித்தான் பறக்கப் பழகியிருந்தன போலிருக்கிறது.

எங்களுக்கு அந்த ஊரில் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் பாய் தினமும் காலையில் புவனகிரிக்குப் போகிற வழியை விட்டு விலகி, சைக்கிளை அந்தக் கரைக்குத் திருப்புவார். நானும் பின்னாலேயே போவேன். இறங்கி நின்று பார்ப்பார். நாரைகள் வரும், எழும்பும், தாண்டும், இறங்கும். பிறகு சைக்கிளை எடுப்பார்.

குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று இறக்கை அடித்துப் பார்க்கத் தொடங்கியிருந்த ஒரு காலை. தெற்கு வயலிலிருந்து ஒரு நாரை தாழ்வாக வந்தது. அலகில் நத்தை. அந்த இடம் வந்தது. அது இறக்கையை அடிக்கவில்லை, எழும்பவில்லை. விரித்த இறக்கை விரித்தபடி, நேராக வழுக்கிக்கொண்டு போய்த் தன் கூட்டில் இறங்கியது. அதன் பின்னால் வந்தது எழும்பியது. அதற்குப் பின்னால் வந்தது நேராகப் போயிற்று.

"மறந்துடுச்சு ராசு!" என்றார் பாய். அவர் அவ்வளவு உரக்கப் பேசி அன்றுதான் கேட்டேன். "கம்பி இருந்தத மறந்துடுச்சு பாரு!"

பிறகு பெடலில் கால் வைத்தார். "வா. இனிமே நமக்கு இங்க வேல இல்ல."